கூரஸ் போய்வந்தேன்: அந்த மஞ்சள் மாளிகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

நெய்தல் | ஞாயிறு, இரவு 9.12

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். பலகையில் இருக்கும் எழுத்தை அப்படியே படித்தால் ‘கல்ராஸ்’ என்று வரும். டன்ஃபர்ம்லைனில் பஸ் ஏறி அப்படித்தான் டிக்கெட் கேட்டேன். டிரைவர் ஒரு நொடி விழித்துவிட்டு, “ஓ, கூரஸ்!” என்றார். நடுவில் இருக்கும் ‘ல்’ சும்மா உட்கார்ந்திருக்கிறதாம்.

ஸ்காட்லாந்தில் ஃபைஃப் பகுதியின் தென்மேற்கு மூலை. ஃபோர்த் ஆறு அகன்று கடலாக மாறும் இடத்தில், வடகரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது ஊர். சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பலாம் என்று போனவள், மாலை பஸ்ஸில்தான் வந்தேன்.

வெள்ளையும் காவியும் அடித்த வீடுகள், சிவப்பு ஓடு, பக்கச் சுவரின் உச்சியில் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் விளிம்பு. தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது. மழை தூறியதால் வழுக்கிற்று. நடுவில் மட்டும் தட்டையான கல்லை உயர்த்திப் பதித்திருக்கிறார்கள். அந்த மேட்டில் பெரிய மனிதர்கள் நடப்பார்களாம், மற்றவர்கள் சாக்கடை ஓடும் ஓரத்தில். நான் முழு நாளும் நடுவில்தான் நடந்தேன்.

அப்புறம் அந்த மஞ்சள் ‘பேலஸ்’. அரண்மனை என்று நம்பிப் போனால் ஏமாற்றம். எந்த அரசரும் கட்டியதில்லை, ஜார்ஜ் புரூஸ் என்ற வியாபாரியின் வீடு. ஜன்னல் உச்சிகளில் கல்லில் வெட்டியிருக்கிறது: ஒரு பக்கம் 1597, ஜி.பி. என்ற எழுத்துகள். இன்னொரு பக்கம் 1611, முன்னால் கூடுதலாக ஒரு ‘எஸ்’. இடையில் ‘சர்’ பட்டம் கிடைத்துவிட்டது, அதை உடனே கல்லில் ஏற்றிவிட்டார்! ஜன்னல்களில் மேல் பாதிக்குத்தான் கண்ணாடி, கீழ்ப்பாதி மரக்கதவு. ஒரு அறையின் வளைந்த மரக்கூரை முழுக்க ஓவியம்: பதினாறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நீதி. பணம் வைக்கத் தனியாக ஒரு கல் அறை, இரும்புக் கதவு போட்டு, தீப்பிடிக்காதபடி கட்டியது. பின்னால் மலைச்சரிவில் அடுக்கடுக்காகத் தோட்டம். அதில் கால் குட்டையான பழைய ஸ்காட்டிஷ் கோழிகள் திரிகின்றன. நடக்கும்போது வாத்து போல ஆடுகின்றன, பார்க்கவே ஒரு நாள் ஒதுக்கலாம்.

என் கேள்வி இதுதான். இத்தனூண்டு ஊரில் ஒரு வியாபாரிக்குப் பணப்பெட்டிக்கென்று தனி அறை தேவைப்படும் அளவுக்குச் சம்பாத்தியம் எப்படி? கடலுக்கு அடியில் நிலக்கரி எடுத்தார் என்று உள்ளே சொன்னார்கள். 1590-களில் மின்சாரம் இல்லை, நீராவி பம்பு இல்லை. எப்படி முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுரங்கமணி | ஞாயிறு, இரவு 10.40

நிலக்கரிச் சுரங்கத்தில் இருபது வருடம் தலையில் விளக்கு கட்டி நடந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கூரஸ் எங்கள் தொழிலில் ஒரு கோயில் மாதிரி.

நிலக்கரியை அங்கே முதலில் தோண்டியது புரூஸ் அல்ல, மேலே மடத்தில் இருந்த துறவிகள். ஆழமில்லாத இடத்தில் கிடைத்ததை எடுத்தார்கள். மதச் சீர்திருத்தத்தில் மடம் போனது. 1575-ல் புரூஸ் அந்தக் கைவிட்ட சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தார். நிலக்கரிப் படுகை தெற்கே, ஃபோர்த்துக்கு அடியில் சரிந்து போகிறது. அதைத் தொடர்ந்து போனால் இரண்டு எதிரிகள்: தண்ணீர், கெட்ட காற்று.

தண்ணீருக்கு அவர் செய்தது ஒரு வாளிச் சங்கிலி. நம் ஊர்க் கமலையை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே சால் இல்லை. 1618-ல் இங்கிலாந்திலிருந்து நடந்தே வந்த ஜான் டெய்லர் என்ற கவிஞர் நேரில் பார்த்து எண்ணி எழுதியிருக்கிறார்: இரும்புச் சங்கிலியில் 36 வாளிகள். 18 காலியாக இறங்கும்போது 18 நிரம்பி ஏறும். இழுப்பது மூன்று குதிரைகள். நிற்காமல் ஓட வேண்டும், நின்றால் சுரங்கம் குளம்.

காற்றுக்குச் செய்ததுதான் மேதைமை. ஒரே வாய் உள்ள சுரங்கத்தில் காற்று தேங்கும். இரண்டு வாய் இருந்தால் ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும். இரண்டாவது வாயை எங்கே திறப்பது? மேலே கடல். அலை இறங்கினால் தரை தெரியும் இடமாகப் பார்த்து, கல்லால் வட்டமாக ஒரு சுவர் எழுப்பினார். அலை ஏறினாலும் சுவர் தலை தண்ணீருக்கு மேலே இருக்கும். அதற்குள் கிணறு வெட்டி, கீழே வந்துகொண்டிருந்த சுரங்கத்தோடு சேர்த்துவிட்டார். ‘மோட்’ என்று பெயர். அகழி என்று பொருள் கொள்ளாதீர்கள், செயற்கைத் தீவு.

அதில் இன்னொரு லாபம் பாருங்கள். கப்பல் நேராக அந்தத் தீவின் பக்கத்தில் வந்து நிற்கும். கீழிருந்து ஏறும் நிலக்கரி அப்படியே கப்பலில் விழும். வண்டி இல்லை, சுமைகூலி இல்லை. உங்கள் பணப்பெட்டி அறைக்கு விடை அதுதான்.

ராஜி_லீத் | ஞாயிறு, இரவு 11.05

அரசர் கதையை விட்டுவிட்டீர்களே சார்! ஆறாம் ஜேம்ஸ் 1617-ல் ஸ்காட்லாந்து வந்தபோது புரூஸ் அவரைச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போனாராம். கரையில் இறங்கி, கடலுக்கு அடியில் நடந்து, அந்தத் தீவின் கிணறு வழியாக ஏறினால் நாலு பக்கமும் தண்ணீர். அரசர் மிரண்டு “துரோகம்! துரோகம்!” என்று கத்திவிட்டாராம். புரூஸ் பக்கத்தில் கட்டியிருந்த படகைக் காட்டி, “வந்த வழியே போவதா, படகில் போவதா, தங்கள் விருப்பம்” என்றாராம். படகில்தான் போனார்.

பொடிமட்டை | திங்கள், காலை 7.20

கதை நன்றாக இருக்கிறது. நிஜமா?

ராஜி_லீத் | திங்கள், காலை 8.02

வழிவழியாகச் சொல்வது. கையில் ரசீது இல்லை. ஆனால் அரசரைக் கவிழ்க்க லண்டன் பாராளுமன்றத்துக்கு அடியில் வெடிமருந்து வைத்து 12 வருடம்தான் ஆகியிருந்தது. பாதாளத்திலிருந்து ஏறி நடுக்கடலில் நின்றால் நானும் கத்தியிருப்பேன்.

சுரங்கமணி | திங்கள், காலை 8.30

முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1625 மார்ச் 27 அரசர் ஜேம்ஸ் இறந்தார். மார்ச் 30 ஃபோர்த்தில் பெரும் புயல். மோட்டின் சுவர் உடைந்து கடல் உள்ளே புகுந்தது. 36 வாளி எங்கே, கடல் எங்கே. அதே வருடம் மே மாதம் புரூஸும் போய்ச் சேர்ந்தார். ஆறே வாரத்தில் அரசர், சுரங்கம், முதலாளி, மூன்றும்.

கொத்தனார்மகன் | திங்கள், பகல் 1.15

சுரங்கம் உங்கள் பாடு. சுவரைப் பற்றி நான் பேசுகிறேன், அப்பா கொத்தனார், நானும் இங்கே பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை பார்க்கிறேன்.

நெய்தல் அக்கா பார்த்த அந்த மஞ்சள், பெயின்ட் இல்லை. ஸ்காட்லாந்தில் ‘ஹார்லிங்’ என்பார்கள். சுண்ணாம்பும் மணலும் பொடிக்கல்லும் சேர்த்துக் கூழாகக் கலந்து, கரண்டியால் அள்ளிச் சுவரில் வீசி அடிப்பது. பூசுவது அல்ல, வீசுவது. மணிக்கட்டில் ஒரு சொடுக்கு வேண்டும், இல்லாவிட்டால் பாதி உங்கள் முகத்துக்குத் திரும்பும். எனக்கு முதல் வாரம் அப்படித்தான். வீசி அடிப்பதால் கல் இடுக்கில் இறுகப் பிடிக்கும், மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்பில் ஈரம் காய இடம் அதிகம். அதன்மேல் காவிக் கல் கலந்த சுண்ணாம்பு வெள்ளை பல கை.

இது அழகுக்காக வந்தது இல்லை. கீழே இருப்பது செதுக்காத, ஒழுங்கற்ற கல் சுவர், மழைத் தண்ணீர் உறிஞ்சும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெயில் வந்ததும் விட்டுவிடும். சுவர் மூச்சுவிடும் என்று அப்பா சொல்வார். போன நூற்றாண்டில் இந்த நாடு முழுக்கப் பழைய வீடுகளில் சிமென்ட் அடித்துத் தொலைத்தார்கள். சிமென்டில் மயிர்க்கோடு விரிசல் விழும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி கிடையாது. உள்ளே மணற்கல் மாவாகிவிடும். நான் ஒரு வீட்டில் சிமென்ட் பூச்சைத் தட்டி எடுத்தபோது கல் என் விரலோடு வந்தது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன்.

ஓடு விஷயம். ஹாலந்துக்கு நிலக்கரியும் உப்பும் கொண்டுபோன கப்பல்கள் திரும்பும்போது பாரத்துக்காக ஓடு ஏற்றி வந்தன என்பார்கள். ஆரம்பம் அப்படி இருக்கலாம். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலேயே ஓட்டுச் சூளைகள் வந்துவிட்டன. கண்ணில் படும் ஓடெல்லாம் டச்சு என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஓடும் படுக்கவைத்த ‘எஸ்’ வடிவம், பக்கத்து ஓட்டின் மேல் கொக்கி போல விழும். அடுத்த முறை போனால் கூரையின் கீழ் விளிம்பைப் பாருங்கள்: பல வீடுகளில் கடைசி இரண்டு மூன்று வரிசை ஓடு இருக்காது, கற்பலகை இருக்கும். சரிவு அங்கே தணிகிறது, தண்ணீர் வேகம் குறைகிறது, ஓட்டின் இடுக்கில் பின்வாங்கும். பலகைக்கல் நெருங்கிப் படுத்திருப்பதால் விடாது.

படிக்கட்டு விளிம்புக்குக் ‘காக்கைப் படி’ என்று பெயர். சாய்வாகக் கல் வெட்டுவது மெனக்கெட்ட வேலை, சதுரக் கல்லைப் படிப்படியாக வைத்தால் எளிது. காக்கை உட்காருவது இலவசம்.

நெய்தல் | திங்கள், மாலை 6.50

கொத்தனார்மகன் தம்பி, இதைப் படித்துவிட்டுப் போயிருக்கலாம். நான் எடுத்த 140 படத்தில் கூரை விளிம்பு ஒன்றில்கூட இல்லை. பாதி கோழி.

உப்புமூட்டை | திங்கள், இரவு 8.33

எல்லாரும் புரூஸ் புராணம் பாடுகிறீர்கள். வாளி 36, குதிரை 3 என்று எண்ணியாயிற்று. ஆள் எத்தனை?

1606-ல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நிலக்கரி வெட்டுபவரையும் உப்புக் காய்ச்சுபவரையும் பழைய முதலாளியின் சீட்டு இல்லாமல் யாரும் வேலைக்கு எடுக்கக் கூடாது. சீட்டு இல்லாமல் போனால் ஒரு வருடம் ஒரு நாளுக்குள் பழைய முதலாளி கேட்டுத் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். முன்பணம் வாங்கிவிட்டு ஓடியவன் திருடன். ஊர் சுற்றும் ஏழைகளைப் பிடித்துச் சுரங்கத்தில் போடவும் முதலாளிக்கு உரிமை. நாளடைவில் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போதே தகப்பன் கையில் கொஞ்சம் காசு வைத்து, பிள்ளையையும் கட்டிப்போடும் வழக்கம் வந்தது. கொத்தடிமை. வேறு பெயர் தேவையில்லை.

1701-ல் விசாரணையின்றிச் சிறை வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தபோதும், சுரங்கக்காரர்களுக்கும் உப்புக்காரர்களுக்கும் இது பொருந்தாது என்று எழுதியே வைத்தார்கள். 1775-ல் அரைகுறையாகத் தளர்த்தி, 1799-ல்தான் முழுசாக விட்டார்கள். கிழக்கு ஸ்காட்லாந்தில் வெட்டிய கரியைக் கூடையில் முதுகில் சுமந்து ஏணி ஏறியது பெண்கள். அது 1842 வரை.

அந்த மஞ்சள் வீட்டில் இதற்கு ஒரு ஜன்னல் உண்டா?

பொடிமட்டை | திங்கள், இரவு 9.10

400 வருடத்துக்கு முந்தைய ஆளை இன்றைய தராசில் நிறுத்துவது சரியா? அன்றைக்கு உலகம் முழுக்க அப்படித்தான்.

உப்புமூட்டை | திங்கள், இரவு 9.24

இல்லையே. ஸ்காட்லாந்திலேயே அன்றைக்கு உழவனுக்கும் தையற்காரனுக்கும் இந்தச் சட்டம் கிடையாது. கரிக்கும் உப்புக்கும் மட்டும் தனியாகப் போட்டார்கள். ஏன்? அந்த வேலைக்கு யாரும் தானாக வர மாட்டார்கள் என்று அன்றைக்கே தெரியும். அன்றைய தராசிலேயே நிறுத்துங்கள், போதும்.

உப்பையும் சொல்லிவிடுகிறேன். கரையோரம் வரிசையாகப் பெரிய இரும்புத் தட்டுகள், அடியில் நெருப்பு, மேலே கடல்நீர். கப்பலில் ஏற்ற லாயக்கில்லாத தூள்கரியெல்லாம் இந்த அடுப்புக்கு. விற்க முடியாத கரியை விற்கக்கூடிய உப்பாக மாற்றும் வித்தை. இரவு பகலாகப் புகை. நீங்கள் படம் எடுத்த அந்தச் சுத்தமான வெள்ளைச் சுவர்கள் அன்றைக்கு என்ன நிறத்தில் இருந்திருக்கும்?

கொத்தனார்மகன் | திங்கள், இரவு 10.00

கேள்வி நியாயம். கரிப்புகை படியும் ஊரில் வருடா வருடம் சுண்ணாம்பு அடித்தாலும் சாம்பல் நிறம்தான் தங்கும். இன்றைய நிறம் உண்மையான நிறம்தான், ஆனால் கூரஸ் தொழில் ஊராக இருந்தபோது ஒரு நாளும் இப்படி இருந்திருக்காது. அது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை.

டன்ஃபர்ம்லைன்வாசி | செவ்வாய், காலை 6.45

நான் இருப்பது எட்டு மைல் தள்ளி. கரி கதை 1625-ல் முடிந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கூரஸுக்கு அடுத்த ஊர் வாலிஃபீல்ட். 1939 அக்டோபர் 28 அங்கே சுரங்கத்தில் வெடித்து 35 பேர் செத்தார்கள். போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வெளியூர்க்காரர் பலருக்கு அந்தச் செய்தி நினைவில்லை. இங்கே நினைவிருக்கிறது. 1964-ல் வாலிஃபீல்டிலிருந்து ஃபோர்த்துக்கு அடியிலேயே தோண்டிக்கொண்டு போய், எதிர்க்கரையில் போனெஸ் பக்கம் கினீல் சுரங்கத்தோடு இணைத்தார்கள். வடகரையில் இறங்கித் தென்கரையில் ஏறலாம். புரூஸ் பார்த்திருந்தால் வாயைப் பிளந்திருப்பார்.

மேற்கே லாங்கனெட். ஸ்காட்லாந்தின் கடைசி ஆழச் சுரங்கம். 2002 மார்ச்சில் தண்ணீர் புகுந்து மூடினார்கள். பக்கத்து மின்நிலையம் 2016 மார்ச்சில் நின்றது, புகைபோக்கியை 2021 டிசம்பரில் வெடிவைத்து இறக்கினார்கள். கூரஸ் கரையில் நின்றால் அந்தப் புகைபோக்கி எப்போதும் ஓரமாகத் தெரியும். சுற்றுலாப் படம் எடுப்பவர்கள் அதைத் தவிர்க்க உடம்பை வளைப்பார்கள். இப்போது வளைய வேண்டியதில்லை.

சுரங்கமணி | செவ்வாய், காலை 9.15

1625 மார்ச்சில் தண்ணீர், 2002 மார்ச்சில் தண்ணீர். எனக்கு மயிர் கூச்செறிகிறது. அதிகம் அர்த்தம் தேட மாட்டேன், சுரங்கம் என்றால் தண்ணீர்தான்.

ராஜி_லீத் | செவ்வாய், பகல் 12.40

நெய்தல் கேட்காத இன்னொரு கேள்வி: அந்த ஊர் எப்படி இடிக்கப்படாமல் தப்பியது?

பதில்: காசில்லாமல் போனதால். கரி போனது, உப்பு தேய்ந்தது. மிச்சமிருந்தது கர்டில். ஓட்ஸ் ரொட்டி சுடும் வட்ட இரும்புத் தகடு, நம் தோசைக்கல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி, தொங்கவிடக் கைப்பிடியோடு. அதைச் செய்ய ஸ்காட்லாந்தில் கூரஸ் கொல்லர்களுக்கு மட்டுமே உரிமை என்று 1599-ல் ஆறாம் ஜேம்ஸ் எழுதிக் கொடுத்திருந்தார். 18-ஆம் நூற்றாண்டில் நீதிமன்றம் அந்த ஏகபோகத்தை உடைத்தது. பின்னாலேயே ஃபால்கர்க் பக்கம் கேரன் ஆலை வார்ப்பிரும்பில் மலிவாகக் கொட்ட ஆரம்பித்தது. அடித்துச் செய்த கர்டில் தோற்றது.

பணம் இருந்த ஊர்கள் பழைய வீட்டை இடித்து விக்டோரியா காலத்துக் கட்டடம் எழுப்பின. கூரஸால் ஓடுகூட மாற்ற முடியவில்லை. அப்படியே சரிந்து கிடந்தது. 1931-ல் பழைய கட்டடங்களைக் காக்க நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், அடுத்த வருடமே அந்தப் பேலஸை 700 பவுண்டுக்கு வாங்கினார்கள். 700! பிறகு சின்னச் சின்ன வீடுகளாக வாங்கிச் சரிசெய்தார்கள். 1960-ல் ஃபைஃபில் அதையே ஒரு திட்டமாக்கினார்கள்: வாங்கு, பழுது பார், விற்றுவிடு, வந்த காசில் அடுத்ததை வாங்கு. விற்கும்போது முகப்பை மாற்றக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை.

பொடிமட்டை | செவ்வாய், பகல் 1.30

அதாவது பொம்மை ஊர். ‘அவுட்லேண்டர்’ டிவி தொடரை அங்கே எடுத்தபோது செட் போடச் செலவே ஆகியிருக்காது.

ராஜி_லீத் | செவ்வாய், பகல் 2.10

பொம்மை என்று சொல்ல மாட்டேன். அந்த வீடுகளில் ஆள் இருக்கிறது, குப்பைத்தொட்டி வாசலில் நிற்கிறது. பத்திரத்தில் நிபந்தனை போட்டு விற்றதே ஆள் இருக்கட்டும் என்றுதான். டிக்கெட் போட்டு எல்லாவற்றையும் பூட்டியிருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் யார் வாங்க முடிகிறது என்று கேட்டால், அங்கே உப்புமூட்டை சொல்வதற்கு வந்துவிடுவோம். கரிக்காரன் பேரன் வாங்க முடிகிற விலையில் அந்த வீடுகள் இன்று இல்லை.

பொடிமட்டை | செவ்வாய், பகல் 3.00

சரி, பின்வாங்குகிறேன். என் பெயருக்கு ஏற்ற வீடு ஒன்று அங்கே உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. 1673-ல் ஒரு மூக்குப்பொடி வியாபாரி கட்டியது. வாசல்கல்லில் “யார் நினைத்திருப்பார்கள்?” என்று ஸ்காட்ஸ் மொழியில் வெட்டியிருக்கிறார். எடின்பரோவில் இருந்த இன்னொரு வீட்டில் “மூக்குகள் வாங்கித் தந்தன என்று” என்ற மறு அடி இருந்ததாகச் சொல்வார்கள். புரூஸின் ‘எஸ்’ எழுத்தைவிட இது எனக்குப் பிடிக்கிறது.

நெய்தல் | செவ்வாய், மாலை 5.20

அந்த வீட்டைத் தாண்டித்தான் மேலே ஏறியிருக்கிறேன்! கவனிக்கவில்லை. இரண்டு முட்டை வடிவ ஜன்னல் உள்ள வீட்டை மட்டும் பார்த்தேன், ‘கெட்ட கண் வீடு’ என்று பெயர். முறைத்தது உண்மை.

மேலே மடம் பாதி இடிபாடு. 1217-ல் ஃபைஃப் பிரபு மால்கம் நிறுவியது, சிஸ்டர்சியன் துறவிகள். கிழக்குப் பாதி ஊர்த் தேவாலயமாகத் தப்பியது, மேற்குப் பாதியில் வானம்தான் கூரை. உள்ளே பக்க அறையில் புரூஸின் சமாதி. அலபாஸ்டர் கல்லில் கணவனும் மனைவியும் படுத்திருக்க, முன்னால் எட்டுப் பிள்ளைகளும் வரிசையாக மண்டியிட்டிருக்கிறார்கள். மூக்கு, உடை மடிப்பு எல்லாம் தெளிவு. உப்புமூட்டை கேட்ட கேள்வி மனதில் இருந்ததால் வெளியே கல்லறைத் தோட்டத்தில் கரிக்காரர் யாராவது உண்டா என்று இப்போது தேடத் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

டன்ஃபர்ம்லைன்வாசி | செவ்வாய், மாலை 7.05

தேடினால் கொல்லர்களின் கல் கிடைக்கும். கைத்தொழில் சங்கத்தார் சுத்தியலும் கிரீடமும் செதுக்கிப் போட்டார்கள். கொத்தடிமைக்குக் கல் போடுவது யார்.

அதே சமாதிக் கோயிலில் இன்னொரு விஷயம். புரூஸின் அண்ணன் மகன் எட்வர்ட், கின்லாஸ் பிரபு, 1613-ல் ஹாலந்தில் பெர்கன்-ஆப்-சூம் அருகே சாக்வில் என்ற ஆங்கிலப் பிரபுவோடு வாள்சண்டை போட்டுச் செத்தான். உடல் அங்கே, இதயம் மட்டும் வெள்ளிப் பேழையில் ஊருக்கு வந்ததாக ஒரு பேச்சு. 1808-ல் தோண்டினார்கள். பேழை இருந்தது.

ராஜி_லீத் | செவ்வாய், இரவு 8.15

டவுன் ஹவுஸையும் சொல்லுங்கள். கடலைப் பார்த்து நிற்கும் சாம்பல் நிறக் கட்டடம், 1626. மணிக்கூண்டு 1783-ல் சேர்த்தது. வெளியே இரண்டு பக்கமும் ஏறும் கற்படி. நடுத்தளத்தில் ஊர்ச்சபை, கீழே கடன் கட்டாதவர்களுக்குச் சிறை, கூரைக்கு அடியில் பரண்மாதிரி இருட்டறை. சூனியக்காரிகள் என்று பிடித்த பெண்களை அங்கேதான் அடைத்தார்கள். கடன்பட்டவனுக்குத் தரைத்தளம், சூனியக்காரிக்குக் கூரைக்கடி.

கிழக்கே டோரிபர்ன் கரையில் லிலியஸ் ஏடி. சூனியக்காரி என்று பிடித்து விசாரித்தார்கள், 1704-ல் சிறையிலேயே இறந்தாள். அலை ஏறி இறங்கும் சேற்றில் புதைத்து மேலே ஒரு பெரிய கற்பலகையை வைத்தார்கள், எழுந்து வந்துவிடக் கூடாதாம். அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. 2019-ல் கூரஸ், வாலிஃபீல்ட், டோரிபர்ன் மூன்று இடத்திலும் இந்தப் பெண்களுக்காகச் சின்ன நினைவுத்தகடு பதித்தார்கள். 2022-ல் ஸ்காட்லாந்து முதல்வர் சட்டமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

உப்புமூட்டை | செவ்வாய், இரவு 8.40

பாருங்கள், அவர்களுக்குத் தகடு வந்துவிட்டது. நான் கேட்பதும் ஒரு தகடுதான். மோட் தெரியும் கரையில், 1606, 1799 என்று இரண்டு எண்ணும் நாலு வரியும். புரூஸ் வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. வீட்டுக்கு வாருங்கள், கூரை ஓவியம் பாருங்கள், கோழியும் பாருங்கள்.

சுரங்கமணி | செவ்வாய், இரவு 9.30

ஒப்புக்கொள்கிறேன். முந்தாநாள் நான் எழுதியதில் “புரூஸ் வெட்டினார், புரூஸ் கட்டினார்” என்றே வந்திருக்கிறது. அவர் ஒரு கூடைகூடத் தூக்கியிருக்க மாட்டார். இருபது வருடம் கூலியாட்களோடு இறங்கியவன் நான், எனக்கே கை அப்படித்தான் போனது.

மோட்டின் கற்கள் அலை நன்றாக இறங்கினால் தெரியும். யாராவது போனால் பாருங்கள்.

நெய்தல் | சனி, இரவு 8.50 (இரண்டு வாரம் கழித்து)

போனேன். அலை அட்டவணை பார்த்து, ரப்பர் பூட்ஸ் போட்டு. ரயில் பாதையைத் தாண்டித்தான் கரைக்கு இறங்க வேண்டும், ஊருக்கும் கடலுக்கும் நடுவே அது ஒரு வேலி மாதிரி கிடக்கிறது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் வடிய வடிய, ஊருக்கு மேற்கே, கரையிலிருந்து வெகு தூரத்தில், கருப்பாக ஒரு கல்மேடு எழுந்தது. பாசியும் சிப்பியும் ஒட்டி. வட்டம் என்று சுரங்கமணி சார் சொல்லாவிட்டால் சும்மா பாறை என்று விட்டிருப்பேன். சேறு முழங்கால் வரை வாங்கியதால் கிட்டப் போகவில்லை. தூரத்தில் நின்றே, அரசர் அந்த மேட்டில் நின்று கத்துவதைக் கற்பனை செய்தேன். பிறகு, அவருக்கு முன்னால் அதே கிணற்றில் தினமும் ஏறியவர்களை. அவர்களில் எவரும் துரோகம் என்று கத்தியதாகக் கதை இல்லை.

முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் திரும்பிவிட்டது. கரையில் கூழாங்கல்லுக்கு நடுவே கருப்பாகச் சில துண்டுகள் கிடந்தன, ஓரம் தேய்ந்து உருண்டு. ஒன்றை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டேன்.

கூரை விளிம்பும் பார்த்தேன், தம்பி. மூன்று வரிசை.

சுரங்கமணி | சனி, இரவு 9.05

அந்தத் துண்டு பளபளப்பா, மங்கலா? வெள்ளைத் தாளில் தேய்த்தால் கோடு விழுகிறதா? படம் போடுங்கள்.

நெய்தல் | ஞாயிறு, காலை 10.20

தாளில் தேய்க்கத் தேவையில்லாமல் போயிற்று. வீட்டுக்காரர் கோட்டுப் பையைச் சோதிக்காமலே வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார், கூடவே மூன்று வெள்ளைச் சட்டை. கோடு விழுகிறது சார்.